கொளுக்கி

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கழுத்து இருக்கிறது.
மற்ற ஆறு நாளும் அதைக்
கவச அங்கியின் கொலருக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.
கை கறுத்துப்போயிற்று, முகமும்.
இது மட்டும் வெயில் படாமல்
வேறு யாரோ ஒருத்தியினுடையது மாதிரி
வெளுத்துக் கிடக்கிறது.

மாங்குளத்து வாடகை அறை.
அலுமாரிக் கதவில்தான் கண்ணாடி;
கதவைத் திறந்தால் நான் மறைந்துபோவேன்.
அரைவாசி திறந்து, தோளால் முட்டுக் கொடுத்து
உடுப்புகளைப் பார்க்கிறேன்.
யூனிபோமைச் சேர்க்காமல் ஐந்து.

மாலை மூன்று.
கழுத்தைப் பிடிக்கிற சின்னது வவுனியாக் கடையில்
எண்ணூற்றைம்பது சொல்லி எழுநூறுக்குத் தந்தது.
நடுவிலது பாரிஸ் மச்சாள் அனுப்பியது:
'அசல் முத்தடி, பல்லில் உரசிப் பார்.'
உரசினேன். மணல் கடித்தது போல் இருந்தது.
நம்பிக்கொண்டேன்.
நெஞ்சுவரை இறங்குகிற நீளம்,
அறுந்து சிதறினதுகளைப் பொறுக்கி நானே கோத்தது.
கொளுக்கி இல்லை. நைலோன் நூலில் முடிச்சுத்தான்.

பத்தரைக்கு மல்லாவியில் கோகிலவாணிக்குக் கலியாணம்.

கிளிப்பச்சைப் பட்டை முதலில் உடுத்தேன்.
சரிகைக்கு வாய் அதிகம்;
மூன்று மாலையும் அதோடு கொழுவிக்கொண்டு நின்றன.
அவிழ்த்துப் போட்டேன்.

கத்தரிப்பூ வொயில் சேலைக்கு வட்டக் கழுத்துச் சட்டை.
சின்ன மாலை அதன் ஓரத்தில்
ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று
வேலியில் நின்ற கோழி போல.
அதுவும் சரிவரவில்லை.

பிறகு, விளையாட்டாகத்தான்,
தம்பியின் கறுப்பு ரீசேட்.
முதுகில் ஏழாம் இலக்கம்,
நெஞ்சில் அவன் ஆடுகிற கழகத்தின் பெயர், பாதி உரிந்து.
ஒன்றின் கீழ் ஒன்றாக
மூன்று வரியும் அதன்மேல் விழுந்தபோது
கட்டிலில் கிடந்த பிலோமினா சிரித்தாள்.
சிரித்துவிட்டு எழும்பி இருந்தாள்.
'கழற்றாதை' என்றாள்.

கழற்றவில்லை.
அதற்கு மேலேயே சாம்பல் நிறப் பருத்திச் சேலையைச் சுற்றினேன்.
கழகம் மடிப்புக்குள் போயிற்று.
ஏழைத் தலைமயிர் மறைக்கும் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் பொம்பிளையின் சித்தி
என் கழுத்தை வரி வரியாக வாசித்தா.
'பவுண் ஒன்றும் போடேல்லையோ பிள்ளை?'
பவுண் வங்கியில் அடகுத் துண்டோடு படுத்திருக்கிறது.
சொல்லவில்லை.
'இதுதான் இப்ப ஸ்டைல் அன்ரி' என்றேன்.
படம் எடுக்கத் திரும்பினபோது காற்றாடி மயிரை விலக்கியிருக்க வேண்டும்,
மணவறையில் இருந்து கோகிலவாணி
மாலைகளுக்கு நடுவால் எட்டிப் பார்த்து
'என்னடி, இங்கையும் ஏழாம் லைனிலயோ?' என்றாள்.
அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை விளங்காமல் சிரித்தார்.
ஏழாம் லைன் என்னுடையது.
ஒரு மீற்றர் அகலம், இரண்டு பக்கமும் சிவப்புத் தடி.
எட்டாவது அவளுடையது; இரண்டு கிழமைக்கு லீவு.

திங்கள்.
மணிக்கூடு, தோடு, மயிர்க் கிளிப்,
இரும்பாக உள்ளதெல்லாம் பெட்டிக்குள்.
நீள மாலை மட்டும் யூனிபோமுக்கு உள்ளே.
சூசைதாசன் சோதனைத் துண்டைக் காட்டக் கருவி கத்தியது;
என் நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், மூச்சுக் காட்டவில்லை.
பிளாஸ்ரிக் முத்தே, நீ நல்ல பிள்ளை.

லைனுக்குள் முழங்காலில் இருந்து
கருவியை மண்ணுக்கு மேல் மெல்ல அசைத்தேன்.
குனியக் குனிய உள்ளே
டிக், டிக்.
முத்தோடு முத்து.
சின்னச் சத்தம்தான்.
ஆனால் இந்த வேலையில் காதுக்குள்
இன்னொருத்திக்கு இடமில்லை.

வந்த தடத்திலேயே திரும்பிப் போய்
முடிச்சை அவிழ்த்துச்
சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தால்
மாசிச் சம்பல் மணம்.
மணந்தாலென்ன,
வருகிற ஞாயிறு அந்தக் கத்தரிப்பூச் சட்டையின்
கழுத்தை இரண்டு விரல் இறக்கித் தைக்க வேண்டும்.