நாலே முக்கால் கிலோ

தேவனாம்பட்டினத்தில் படம் பிடித்தபோது
கூட்டத்தில் நானும் ஒருத்தி.
முந்நூறு ரூபாய், ஒரு பொட்டலம் தக்காளிச் சாதம்.
கையை உயர்த்திக் கத்த வேண்டும், வேலை அவ்வளவுதான்.
நாயகி தண்ணீர் குடிக்கப் போன நேரம்
"செத்த புடிங்கக்கா" என்று ஒரு பையன்
அந்த எறியுளியை என் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

திமிங்கிலத்தின் கண்ணைத் துளைக்கப் போகிற எறியுளி.
ஒரு கட்டு அப்பளத்தின் கனம்கூட இல்லை.
தெர்மாகோல், மேலே வெள்ளிப் பெயின்ட்.
விரல் பட்ட இடத்தில் ஒரு பொருக்கு உதிர்ந்தது.
யாரும் பார்ப்பதற்குள் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தியேட்டரில் அது இறங்கியபோது
"டங்" என்று இரும்புச் சத்தம்.
கடலூரே விசிலடித்தது.
நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷம் ஆயிற்று.
முதுநகர்த் துறைமுகத்தில்
ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவள் நான்.
சோற்றில்கூட ரெசின் வாடை என்று
மகன் பரிதி முகம் சுளிப்பான்.
இந்த மீன்பிடித் தடைக் காலத்தில்தான் கை ஒழிந்தது.

கைபேசியில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
கடைசிச் சண்டையில் கழுத்துப் பட்டைக்கு ஏழு ரிவிட்.
அதே சண்டையில், மழை வந்த பிறகு, ஒன்பது.
ஆக, இரண்டு செய்து வைத்திருக்கிறார்கள்.
எது அசல் என்று யாரைப் போய்க் கேட்பது?
எட்டு அடித்தேன்.

நடுவில் அரை அங்குல ஜிஐ பைப்.
பைப்புக்குள் முறுக்குக் கம்பி,
இரண்டும் உரசாமல் இருக்க இடையில் ரெசின்.
அலகுக்கு, லாரிப் பட்டறையில் கிடந்த உடைந்த வில் பட்டை.
வெல்டிங் கடை கலியமூர்த்தி காசு வாங்கவில்லை,
"யாரக் குத்தப் போற?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டான்.
பிடிக்குச் சவுக்கு, பிளந்து, நடுவே குடைந்து.
தலையில் உள்ள சுறாச் செதில் வேலைக்கு
பரிதியின் அறுந்த ரப்பர் செருப்பு.
வழுக்காமலிருக்க நைலான் கயிறு,
வலைக்காரர்கள் போடும் முடிச்சில்.

உடைசல் தெரியாமல் மேட்டை ஒட்டும்போது
அந்தப் பொருக்கு ஞாபகம் வந்தது.
தீப்பெட்டியில் அப்படியே இருந்தது.
உள்ளே வைத்து மூடலாமென்று ஈர ரெசினில் போட்டேன்.
டீயில் சர்க்கரை போவதுபோல் போய்விட்டது.
தெரியும் எனக்கு. தெர்மாகோலை ரெசின் தின்னும்.
தெரிந்தும் அந்த நிமிஷம் மறந்திருந்தேன்.

அன்று கடற்காற்றில் ஈரம்.
இரண்டு நாள் பிசுபிசுத்துக் கிடந்து
மூன்றாம் நாள் மதியம், யாரும் தொடாதபோது, இறுகியது.

படத்தில் கீறல்களைத் தூரிகையால் வரைந்திருந்தார்கள்.
நான் வரையவில்லை.
வரும்போது வரட்டும்.

ஏலக்கூடத் தராசில் வைத்தோம். நாலே முக்கால் கிலோ.
"வஞ்சிரம் வெலையா, காரப்பொடி வெலையா?" என்றாள்
தராசுக்காரி அமலோற்பவம்.
நான் இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் தந்தேன்.
வாங்கியவள் தோள் ஒரு பக்கம் இறங்கியது.
சிரிப்பை நிறுத்திவிட்டு
ஒருமுறை கடலைப் பார்த்துக் குறிவைத்துத் திருப்பித் தந்தாள்.

எறிந்தது கலியமூர்த்தி.
குறி, மணல் மூட்டை.
அந்தக் கனத்துக்கு அவன் தோள் பழகவில்லை.
நாலடி இடப்பக்கம் ஒதுங்கிப் போய்
லூர்துவின் படகில், நீர்க்கோட்டுக்குக் கீழே இறங்கியது.

டங் என்று கேட்கவில்லை.
ஈரச் சாக்கு விழுந்தாற்போல் ஒரு "பொத்".
எல்லோரும் பேசாமல் நின்றோம்.
கொஞ்சம் பிந்தி, வாயாலேயே,
"டங்!" என்றான் பரிதி.

இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அலகில் ஒரு கீறல். எட்டு ரிவிட்டும் அசையவில்லை.
வெள்ளிக்கிழமை லூர்து படகைக் கேட்டு வருவார்.
ஓட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்,
நாலு விரல் தாராளமாகப் போகிறது.
மேட் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.