ஒரு அடிக்கு ஓர் அங்குலம்

அளவெடுக்க எங்கும் போகவில்லை.
கொருக்குப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் அறை
பன்னிரண்டுக்கு ஒன்பது.
வாடகை ஏற்றும்போது பத்து என்பார் வீட்டுக்காரர்.
டேப் வைத்தே பார்த்துவிட்டேன், ஒன்பதுதான்.
ஆக, அட்டையில்
பன்னிரண்டு அங்குலம், ஒன்பது அங்குலம்.

முதல் வேலை, காலி செய்தது.
பீரோ, சிலிண்டர், இரண்டு நீல டிரம்,
சகாயராஜ் விற்கவும் மனமில்லாமல் வைத்திருக்கும் கேரம் போர்டு,
மடக்கினாலும் மடங்காத கட்டில்.
எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தேன்.
இவ்வளவு தரையா இருந்தது என்று
கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

படம் வரைகிறவர்களுக்கு வடக்கு வெளிச்சம் நல்லதாம்,
நிழல் அலையாதாம்.
எங்கள் வடக்குச் சுவர்
பக்கத்து வீட்டின் தெற்குச் சுவர்.
பிளேடால் கீறிப் பெயர்த்தேன்.
அவர்களிடம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு அறை.
தேதி முடிந்த நாக்குக் குச்சிகள் முப்பது
டீயில் ஊறி, காய்ந்து, பலகைத் தரையாயின.
ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடிகள்
வண்ணம் குழைக்க.
கழித்துப்போட்ட எக்ஸ்ரேயை வெந்நீரில் கழுவி
ஜன்னலுக்கு வெட்டினேன்.
ஒரு மூலையில் யாருடைய மணிக்கட்டோ
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
ஏழரை மணி வெயிலில்
மங்கலாகத் தரைக்கு இறங்குகிறது.

"என்ன பண்றே?"
"ஈசல்."
"மழை வரப்போவுதா?" என்றார் சகாயராஜ்
கண்ணைத் திறக்காமலே.

சரக்கு ரயில் போகும்போதெல்லாம் ஈசல் விழுந்தது.
பசை மாற்றினேன், விழுந்தது.
பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்:
மூன்று கால், மூன்று கட்டு,
பஞ்சு சுற்றி, மாவு நனைத்து,
ஆறு வாரம் நனைக்கக்கூடாது என்று
வாய் தன்னால் சொன்னது.

ஒரு டிரம்மை மட்டும் திரும்ப உள்ளே விட்டேன்.
பிரஷ் கழுவ வேண்டாமா?
லாரி அங்கேயும்
ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

பக்கத்து வீட்டு நஸ்ரின்
(சுவர் போனது அவர்களுக்குத்தான்)
கன்னத்தைத் தரையில் வைத்து உள்ளே பார்த்தாள்.
"யாருமே இல்லியே ஆண்ட்டி."
"டீ குடிக்கப் போயிருக்காங்க."
"ஆம்பளையா, பொம்பளையா?"
ஆணியில் தொங்கும் பையைக் காட்டினேன்.
பழைய கோட்டின் கை ஓரத்தில் தைத்தது,
மாவுக்கறை போகாத இடமாகப் பார்த்து.
நகத்தால் அதை ஆட்டிவிட்டு
என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்,
ஈசலில் நிற்கும் வெள்ளைத் துணியைப் பார்த்தாள்,
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது.
"இன்னும் ஒண்ணுமே வரையலியே."
"டூட்டி" என்றேன்.
"எப்ப வருவாங்க?"

கேட்டில் மணி அடித்தது.
"கூட்ஸ் போகட்டும்."
இருவரும் சத்தத்தை எண்ணினோம்.
அவளுக்கு ஐம்பத்தாறு, எனக்கு ஐம்பத்தெட்டு.
டிரம் ஓரடி நகர்ந்தது, அதாவது ஓர் அங்குலம்.
பை ஆடியது.
ஈசல் நின்றது.