இடைவெளியில் பாதி

படிவத்தின் ஏழாம் கட்டத்தில்
ஒன்று என்று அச்சாகியிருக்கிறது.
சோதனை இடைவெளி: ஒரு மாதம்.
அதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதச் சொல்கிறார்கள்.

செந்தூலில் ஏறி, கொமுட்டரில் தெற்கே ஒரு மணி நேரம்.
பதினோரு ஆண்டுப் பதிவேட்டின் நகல்கள் மடியில்.
பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள்.
புள்ளி ஐந்து ஆறு. புள்ளி ஐந்து ஐந்து. புள்ளி ஐந்து ஏழு.
ஓட்டப் பந்தயமா என்றாள்.
விழும் பந்தயம் என்றேன்.

உலை என்றதும் எல்லோரும் கேட்பது
அந்த நீல வெளிச்சத்தை.
எனக்கு அதில் வேலையில்லை.
குளத்துக்கு மேலே, பாலத்தில்,
நான்கு தண்டுகளைத் தூக்கிப் பிடித்திருக்கும்
நான்கு மின்காந்தங்கள்தான் என் பொறுப்பு.
மாதத்தின் முதல் திங்கள் மின்சாரத்தை வெட்டுவோம்.
காந்தம் கைவிடும். தண்டு விழும்.
கைவிடத் தெரிந்திருப்பதுதான் அதன் முழுத் தகுதி.
ஹஃபிசுடின் நொடியைப் படிப்பான்,
நான் எழுதுவேன்: தேர்ச்சி.

தேர்ச்சி என்றால்
அந்தக் கணத்தில் விழுந்தது என்று மட்டுமே பொருள்.
பேனாவை மூடியதும்
தெரியாமை மறுபடி வளரத் தொடங்கும்.
பழுது ஒன்று ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தால்
சராசரியாக, இடைவெளியில் பாதி நாள்
நம்மோடு குடியிருக்கும்.
மாதம் ஒன்றென்றால் பதினைந்து நாள்.
மூன்றென்றால் நாற்பத்தைந்து.
அத்தனை நாளும் பச்சை விளக்கு எரியும்.

ஆனால் நூற்று முப்பத்திரண்டு திங்கள்களில்
கண்ட பழுது நான்கே.
ஒரு தண்டு தயங்கி விழுந்தது.
ஒரு ரிலே முனை கருகியிருந்தது.
மற்ற இரண்டும் நாங்கள் செய்தவை:
சோதிக்கக் கழற்றிய கம்பியைப் பக்கத்து முனையில் மாட்டியது,
கழற்றி மாட்டியே வளைந்துபோன செருகி.
தட்டிப் பார்த்தே பானையில் விரிசல் விழுத்தியவர்கள்.
செருகியின் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.

பட்டர்வொர்த்தில் பூபாலன்
குடியை விட்டு இருநூற்றுப் பதினான்கு நாள்.
தினமும் ஒன்பதேகாலுக்கு அழைக்கிறேன்.
சாப்பிட்டாயா என்பேன்.
கேட்பது சாப்பாட்டை அல்ல,
எத்தனை மணியடித்து எடுத்தான்,
'சாப்பிட்டேன்க்கா'வில் நாக்கு எங்காவது வழுக்குகிறதா.
போன வெள்ளிக்கிழமை அவனே சொன்னான்:
"நீ போன் வெச்ச பிறகுதான்க்கா
எனக்குத் தாகமே எடுக்குது.
வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடு லா, போதும்."
சராசரி மூன்றரை நாள் என்று
உடனே கணக்குப் போட்டது மனம்.
வெட்கமாக இருந்தது.

மதியம், தே ஓ கோசோங் ஆறிக்கொண்டிருக்க,
டாக்டர் ஓங் தெய்க் ஹுவாட் படிவத்தைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்தில் நான்கு கோடு இழுத்தார்.
நான்கையும் ஒரே நாளில் ஏன் தொட வேண்டும்?
மாதம் ஒன்று, முறை வைத்து.
ஒவ்வொன்றுக்கும் நான்கு மாத ஓய்வு.
ஒரே நோய் நான்குக்கும் வந்தால்
முப்பது நாளுக்குள் தெரிந்துவிடும்.
"ஒன்றுக்கு மட்டும் வந்தால்?" என்றேன்.
"மற்ற மூன்றும் விழும். மூன்று போதும்.
அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்."

எனக்கு இருப்பது ஒரே தம்பி.

ஏழாம் கட்டத்தில் ஒன்றை அடித்தேன்.
நான்கு என்று எழுதி, முறைவைப்பு அட்டவணை காண்க என்று சேர்த்து,
கையெழுத்து, தேதி.
ஹஃபிசுடின் முத்திரையை அழுத்தியபோது
கை கொஞ்சம் நடுங்கியது. அவன் கையா, என் கையா, தெரியவில்லை.

அன்றிரவு ஒன்பதேகால் தாண்டிப் போனது.
செந்தூலில் மழை.
கழுவிய தட்டுகளையே கழுவிக்கொண்டிருந்தேன்.
பத்து நாற்பதுக்கு அவன் அழைத்தான்.
கெம்போங் மீன் இருபத்திரண்டு வெள்ளியாம், கொள்ளையாம்.
பக்கத்து வீட்டுப் பூனை
அவனுடைய காவல் வேலை பூட்ஸுக்குள் குட்டி போட்டிருக்கிறதாம்,
இன்றைக்குச் செருப்போடு வேலைக்குப் போனானாம்,
மேலதிகாரி திட்டினாராம்.
சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வைத்தோம்.

வைத்த பிறகுதான் உறைத்தது,
குரலைக் கவனிக்கவேயில்லை நான்.
எப்படிப் பேசினான் என்று கேட்டால்
எழுத என்னிடம் எண் இல்லை.
மூன்று குட்டிகள்.
ஒன்று வெள்ளை.