பெட்டிக்கு இருபது

மூன்று மணி நேரமாய் உருள்கிறது டிரம்.
வெந்நீர், எலுமிச்சை உப்பு, ஒரு சொட்டு சோப்பு,
ஊசி ஊசியாய் எஃகுத் துண்டுகள்.
சமையலறை வரைக்கும் சலசலப்பு.
யோர்மா ரேடியோவைக் கூட்டி வைக்கிறான்.

கறுத்த தண்ணீரைக் கொட்டினேன்.
அக்டோபர் மாதம் முழுக்க அதோடு போயிற்று.

நேற்றைய சூடு மிச்சமிருக்கும் சவுனாப் பலகையில்
துண்டு விரித்து
பித்தளைக் கூடுகளை நிறுத்தினேன், வாய் கீழாக.
காய்ந்ததும் ஒவ்வொன்றாய் விளக்கருகே திருப்பி
கழுத்தோரம் மயிரிழை விரிசல் தேடினேன்.
ஒன்றில் இருந்தது.
இன்னொருவர் கைக்குப் போகாதபடி
குறடால் நசுக்கினேன்.

"எத்தனை தேறும், ஹில்க்கா?"
கதவுக்கு வெளியே யோர்மா.
பதினெட்டு.
"பெட்டிக்கு இருபதாச்சே?"
விரிசல், என்றேன்.
நல்லவேளை, ஒன்றா இரண்டா என்று கேட்கவில்லை.

இருபதாவது
சதுப்புக்கு அக்கரையில் லிங்கன்பெர்ரிப் புதருக்கடியில்
களிம்பேறிக் கிடக்கும்.
கொட்டகை போல நின்ற மூஸ் மான்.
நாற்பதே அடி.
என் தோட்டா போன இடம்
ஏதோ ஒரு பிர்ச் மரத்துக்குத்தான் தெரியும்.

முதல் பனி விழுந்த அந்தக் காலையில்
எல்லோரும் கேட்ட வெடிச்சத்தம்
ஓஸ்மோவுடையது என்றுதான்
வேட்டைக் குழுவில் பேச்சு.

போன வாரம் கடையில் பார்த்தேன்:
எப்படிக் குறி தவறியது என்று
ஓஸ்மோவே
கைகளை விரித்து விளக்கிக்கொண்டிருந்தான்.