சேதம்

நாரின் மலைச்சாலையில் பனி அள்ளிய மறுநாள்
படிவத்தோடு போனேன்.

மடிக்கணினி எத்தனை? முப்பத்தொன்று.
சேதம்?
"துளியும் இல்லை" என்றார் தலைமையாசிரியர் தோக்தொபெக்
சாவிக்கொத்தைத் தடவியபடி.

அலமாரியைத் திறந்தார். புது பிளாஸ்டிக் வாசனை.
திரைமேல் ஒட்டிய தாள்கூட உரியவில்லை.
நூற்றுக்கு நூறு போட இருந்தேன்.

அடித்தட்டில் மட்டும் ஒன்று, மூலை உடைந்து.
நான்கு விசைகளில் எழுத்தே இல்லை.
இடுக்கில் ரொட்டித் துணுக்கு, ஒரு குதிரைமயிர்.

அவர் முகம் வெளுத்தது.
"செய்னெப், ஐயா. மேய்ப்பர் வீட்டுப் பெண்.
பின்பலகையைக் கழற்றி எடுத்துப் போகிறாள்,
விடியுமுன் வைத்துவிடுகிறாள். கண்டித்துவிட்டேன்."

மூடியைத் தூக்கினேன்.
பாதியில் நின்ற சமன்பாடு,
அதன் முடிவில் கண்சிமிட்டும் கோடு.

பேனாவில் மை உறைந்திருந்தது.
உள்ளங்கையில் வைத்து ஊதினேன்.
சேதம் என்ற கட்டத்தில்
முப்பது என்று எழுதினேன்.