சாவி எடுத்த பிறகு

சத்தத்தை வாயால் செய்துகாட்டச் சொன்னேன்.
யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்.
ஓபுளேசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்தான்:
டிக். டிக்டிக். டிக்.
பல்லி, என்றேன்.
பல்லி இல்லை அண்ணா, பானட்டுக்குள்ளே, என்றான்
கடப்பைத் தெலுங்கில் பாதி, என் தமிழில் பாதி.
வண்டி நின்று, சாவி எடுத்து,
கஃபீல் வீட்டு விளக்கெல்லாம் அணைந்த பிறகு
ஷெட்டை ஒட்டிய அவன் அறைச் சுவருக்கு அப்பால்
யாரோ சொடக்குப் போடுகிறார்களாம்.

ஓடுகிற இன்ஜின் போடும் சத்தம் எளிது.
பெல்ட் என்றால் கீச்சிடும்.
பேரிங் போன ஆல்டர்னேட்டர்
கல் கலந்த மாவை அரைக்கும்.
ஆக்ஸிலரேட்டரோடு ரேடியோவில் ஊளை ஏறி இறங்கினால்
டயோடைப் பார்.
பிளக் ஒயர் கசிந்தால் விளக்கை அணை,
இருட்டில் நீல நூல் ஒன்று துள்ளும்.
அணைந்த வண்டி பேசினால்தான்
பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

உட்கார்ந்தேன்.
ஷுவைக்கில் இரவு ஒன்பதுக்கும் நாற்பத்தொரு டிகிரி.
பக்கத்துக் கடைக் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி
ஷொஹாகை அனுப்பினேன்.
நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் அழுத்தி
நுனியை நகர்த்திக்கொண்டே போனேன்.
ஃப்யூஸ் பெட்டியில் ஒன்றுமில்லை.
ஃபேன் ரிலே தூங்குகிறது.
மற்ற இடமெல்லாம் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது,
உப்புப் பூத்த ஒயர்களின் மேல் வியர்வை சொட்டியது.

காத்திருக்கும் மனிதன் பேசிவிடுகிறான்.
செவ்வாய்க்கிழமைகளில்
பிள்ளைகளை டியூஷனில் இறக்கிவிட்டு
ஜிலீபில் ரெண்டு பேரை ஏற்றுவேன், என்றான்.
நம்ம ஊர்ச் சமையல்காரர்கள்,
ஃபர்வானியா ஆஸ்பத்திரியில் ஊசி போடப் போகிறவர்கள்.
தலைக்கு அரை தினார்.
அதிகமாய் ஓட்டியதால் வந்த சத்தமா அண்ணா?

டிக்.

பேட்டரித் தட்டுக்குக் கீழே.
தட்டைக் கழற்றினேன்.
கறுப்பு டேப் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒன்று.
கம்பெனி வைத்ததில்லை. உள்ளே சிம்.
அதிலிருந்து ஒரு ரிலே,
தூரத்தில் இருந்தே பெட்ரோலை நிறுத்துகிற வகை.
வண்டி எங்கே நிற்கிறது என்று
அது யாருக்கோ சொல்லக் கிளம்பும்போதெல்லாம்
கரன்ட் பற்றாமல் ரிலே துடிக்கிறது.
மாட்டியவன் அவசரக்காரன்.
எர்த் ஒயரைப் பெயின்ட் அடித்த போல்ட்டில் முடுக்கியிருக்கிறான்.
பெயின்ட் மேல் எர்த் பிடிக்குமா?

உப்புத்தாள் என் கையில்தான் இருந்தது.
இரண்டு தேய்ப்பு, வெள்ளை இரும்பு தெரியும்,
சத்தம் நின்றுவிடும்.
அந்தப் பெட்டியும் பிசகில்லாமல் வேலை செய்யும்.

வாயால் சொல்ல வரவில்லை.
ஸ்க்ரூடிரைவரை ஓபுளேசு காதில் வைத்து
நுனியைப் பெட்டி மேல் நிறுத்தினேன்.
கேட்டான்.
வெகுநேரம் கேட்டான்,
ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு.
யாருக்குச் சொல்கிறது என்று கேட்கவில்லை.
எப்போதிருந்து என்று மட்டும் கேட்டான்.
டேப்பின் பசையைப் பார்த்து
ஒரு கோடையாவது தாண்டியிருக்கும் என்றேன்.

பிறகு உப்புத்தாளை என் விரல்களிலிருந்து
அவனே உருவி எடுத்து
டூல் பெட்டிக்குள் போட்டான்.
இருக்கட்டும் அண்ணா.
சத்தம் நின்றுபோனால்
அது சொல்வது எனக்குத் தெரியாதே.

பதினேழு வருஷத்தில்
லூஸ் எர்த்தைப் பார்த்துவிட்டு மூடிய பானட் அது ஒன்றுதான்.
டீக்காசு கொடுத்தான், வாங்கவில்லை.
போகும்போது ஹாரன் அடிப்பது அவன் வழக்கம்,
இன்று அடிக்காமல் திரும்பினான்.

கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது:
எங்கள் கடை வாசலில் ஐம்பது நிமிடம் நின்றதையும்
அது சொல்லியிருக்கும்.

தட்டுக்கான பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று
என் சட்டைப்பையில் தங்கிவிட்டது.
திங்களன்று வந்து வாங்கிக்கொள் என்று போன் செய்தேன்.
சரி என்றான்.
செவ்வாயைப் பற்றி
இருவரும் வாயைத் திறக்கவில்லை.