தடம் மாற்றி

கணேசபுரம் சப்வேயில் முழங்கால் தண்ணீர்.
இறங்கித் தள்ளாமல் மிதித்துக்கொண்டேதான் வந்தேன்.
யாரோ எறிந்த பிரியாணிக் கவரும்
இரண்டு முழம் மாஞ்சா நூலும்
பின்சக்கரத்தருகே தொங்கும் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்
கம்பிகளுக்குள் இழுத்துவிட்டன.
சோற்றில் கல் கடிபட்டால் மண்டைக்குள் கேட்குமே,
அந்தச் சத்தம்.

மறுநாள் அரைநாள் லீவு.
ரத்தன் பஜார் கண்ணாடிப் பெட்டிக்குள்
டெரெய்லர்கள் நண்டுகளாக மடங்கிக் கிடந்தன.
பில்கிஸ் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.
அறுநூற்று எண்பதுக்கு ஏழு கியர், தகரம்.
ஆயிரத்து நானூறுக்கு எட்டு.
மூவாயிரத்துக்கு ஒன்று, வெல்வெட் பையில்
மூக்குத்தி மாதிரி வந்தது.
"இதுல பதினொண்ணு ஏத்தலாம்."
கடைப்பையன் குறுக்கே வந்தான்:
"அக்கா, மெட்ராஸ்ல மலை எங்க இருக்கு?"

இருக்கிறது தம்பி.
பெரம்பூர் பாலம் ஒன்று.
பேசின் பிரிட்ஜ் ஒன்று.
ஐப்பசி மாதத்து எதிர்காற்று,
அது எந்த வரைபடத்திலும் ஏறாத மேடு.
மாதத்தில் இரண்டு நாள் என் அடிவயிறு.

ஆனாலும் விரல்விட்டுப் பார்த்தால்
ஏழில் நான் தொடுவது மூன்றைத்தான்.
பாலத்துக்கு இரண்டு.
மற்ற எல்லாவற்றுக்கும் நான்கு.
ஞாயிறு காலை ராஜாஜி சாலை காலியாகக் கிடந்தால்
ஆறு.

"கூண்டு நீளமா, குட்டையா?" என்றாள்.
நீளமானது பெரிய பல்லையும் தாங்கும்.
ஆனால் தாழத் தொங்கும்.
தாழத் தொங்குவதெல்லாம் இந்த ஊரில்
எதையாவது வாரிக்கொள்ளும்:
கவர், நூல், சவுரி முடி,
மூலக்கொத்தளம் போகும் ஊர்வலத்தில்
பிய்த்துப்போட்ட மாலையின் நார்.

மூவாயிரத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன்.
எடையே இல்லை.
ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.
பில்கிஸ் பார்த்துவிட்டாள்.
"வேலைக்குப் போற வண்டிதானே?"
அந்தத் 'தானே' கொஞ்சம் குத்தியது.
வேலைக்குப் போகிற வண்டிதான்.
வருஷத்தில் இருநூற்று எண்பது நாள் ஓடுகிற வண்டி.
துறைமுகத்துக்கு எதிரே என் அலுவலகத்தில்
ஸ்டேப்ளர் பின்னுக்கே மூன்று மாதத்தில் துரு ஏறும்.
வெல்வெட் பைக்காரி
ஒரு கார்த்திகைகூடத் தாங்கமாட்டாள்.
தகரத்துக்கோ ஓட்டேரி எட்வினிடம்கூட ஸ்ப்ரிங் உண்டு.

ஏழு கியர், குட்டைக் கூண்டு.
பழைய ஹேங்கர் வளைந்திருந்ததால் புதுசு, நூற்று இருபது.
மிச்சத்துக்கு
விலை கூடிய செயின் வாங்கினேன்.
அது மட்டும் என் திமிர்.

அண்ணன் கோதண்டம் ரயில்வேயில், சிக்னல் பிரிவு.
'டெரெய்ல்' என்ற சொல்லை எங்கள் வீட்டில்
விளக்கு வைத்தபின் யாரும் சொல்வதில்லை.
அன்று நான் சொன்னேன்:
ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன்,
அதன் வேலையே தடம் புரட்டுவது.
ஒரு நாளைக்கு நாற்பது முறை புரட்டி
விழவிடாமல் பக்கத்துத் தடத்தில் ஏற்றிவிடும்.
சாம்பாரைப் பிசைந்தபடியே கேட்டான்:
"என்கொயரி கிடையாதா?"

மாடிப்படிக்குக் கீழே வண்டியைத் தலைகீழாக நிறுத்தி
நானே மாட்டினேன்.
அவன் டார்ச் பிடித்தான்.
இரண்டே இரண்டு ஸ்க்ரூ.
உள்பக்கம் இதற்குமேல் போகாதே என்று ஒன்று,
வெளிப்பக்கம் போகாதே என்று ஒன்று.
பெடலைச் சுற்றினேன்.
சங்கிலி ஒரு பல்லை விட்டு அடுத்ததன்மேல்
தோள் சாய்த்து ஏறியது.
சாப்பாட்டு வாசனை மாறாத கையால் என் தோளைத் தட்டி
"பாயின்ட் சரியா விழுது" என்றான்.
அவன் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

நான்காவதில் மட்டும் ஒரு டிக் டிக்.
கால் திருகு திருப்பினால் போய்விடும்.
எந்தப் பக்கம் என்று யோசிக்கும்போது
அவன் பையில் போன் அடித்தது.
சட்டையை மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு ஓடிவிட்டான்.

இருட்டில் பெடலைச் சுற்றிக்கொண்டே
காதால் தேடுகிறேன்.